கத்திக்குத்தும் ஒரு தொற்றுநோயா?
கிளாஸ்கோ நகரம் கண்ட வைத்தியம்

மருத்துவப் படிப்பு முடித்த கையோடு, பம்பாய் என்று பெயர் வழங்கிய காலத்தில், இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவால்டியில் இரவுப் பணி பார்த்தேன். சனிக்கிழமை இரவு என்றால் தையல் ஊசியும் நூலும் கூடுதலாக எடுத்து வைப்பார் மூத்த சிஸ்டர். அப்படி ஓர் இரவில் முன்கையில் வெட்டுக்காயத்துடன் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பேரைக் கேட்டதுமே நம்ம பிள்ளை என்று தெரிந்துவிட்டது. "எந்த ஊருப்பா?" என்றேன். "அப்பா திருநெல்வேலிப் பக்கம் சார். நான் பொறந்தது இங்கதான்" என்றான். பதினொரு தையல் போட்டேன். போடும்போதே அறிவுரையும் சொன்னேன். "இந்தப் பசங்களோட இனிமே சேராதே." அவன் கையைப் பார்த்துக்கொண்டே, "நான் சேராட்டாலும் அவங்க வருவாங்க சார்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டு, போலீசுக்கான பதிவேட்டில் எழுதி, பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரச்சொல்லி அனுப்பிவைத்தேன்.

தையல் பிரிக்க அவன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறொரு பையன் வயிற்றில் கத்திக்குத்துடன் வந்தான். வயது ஏறக்குறைய அதேதான். அதே பேட்டை. போன வாரத்துக்குப் பதில் இந்த வாரம் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சர்வசாதாரணமாகச் சொன்னார். இவனை அறுவை அரங்குக்கு அனுப்பிவிட்டு நான் அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன். அந்தப் பேட்டையிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு காலரா நோயாளிகள் வந்திருந்தால் நான் அப்படிப் போயிருக்க மாட்டேன். மறுநாள் காலையே மாநகராட்சி சுகாதார அதிகாரிக்குத் தகவல் போயிருக்கும். ஆட்கள் போய்க் குழாய்த் தண்ணீரைச் சோதித்திருப்பார்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்று கதவைத் தட்டிக் கேட்டிருப்பார்கள். கத்திக்குத்து இரண்டு வந்தபோது யாரும் எந்தக் கதவையும் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பிற்காலத்தில் சமூக மருத்துவம் கற்பிக்கும் வேலைக்குப் போன பிறகுதான், தட்டலாம் என்று நினைத்தவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அவர்களுள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தார் செய்ததே எனக்கு மிகவும் பிடித்தது. அதைத்தான் இங்கே விவரமாகச் சொல்லப்போகிறேன்.

வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்கவேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 1996ல் தீர்மானம் போட்டது. 2002ல் உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி ஒரு பெரிய அறிக்கையே வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட முறை நமக்குப் புதிதல்ல, மலேரியாவுக்கும் காசநோய்க்கும் செய்வதுதான். முதலில் எண்ணு. யார், எங்கே, எப்போது, எதனால் என்று கணக்கெடு. பிறகு, ஒருவனுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஏன் வரவில்லை என்று பார். தடுக்கக்கூடியது என்று தோன்றுவதைச் சிறிய அளவில் செய்து பார். பலன் தெரிந்தால் பெரிய அளவில் செய். குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அது நடக்கட்டும். அடுத்த குத்து விழாமல் தடுப்பது தனி வேலை, அதற்குத் தனியாக ஆள் வேண்டும் என்பதே இதன் சாரம்.

இதில் "தொற்று" எங்கே வந்தது என்று கேட்கலாம். அமெரிக்க மருத்துவர் கேரி ஸ்லட்கின் சான்ஃபிரான்சிஸ்கோவில் காசநோய், சோமாலியா அகதி முகாம்களில் காலரா, பிறகு ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் என்று ஆண்டுக்கணக்கில் கொள்ளைநோய்களோடு மல்லுக்கட்டிவிட்டு 1995ல் ஊர் திரும்பினார். சிகாகோவின் துப்பாக்கிச் சூட்டு வரைபடங்களைப் பார்த்தவருக்கு அவை தாம் முன்பு பார்த்த காலரா வரைபடங்களைப் போலவே தோன்றின. அதே கொத்துக் கொத்தான புள்ளிகள், அதே ஏற்ற இறக்கம். அடிபட்டவனும் அடியைக் கண்ணால் பார்த்தவனும் நாளை அடிக்கக்கூடியவர்கள் என்பதே அவர் வாதம். 2000ல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் என்ற பகுதியில் வேலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில், முன்பு கோஷ்டிகளில் இருந்து திருந்தியவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, பழிவாங்கக் கிளம்புகிறவனை வழியிலேயே மறித்துப் பேசவைத்தார். அம்மை ஒழிப்பில் நோய் கண்டவரைச் சுற்றியிருப்போருக்கெல்லாம் அம்மை குத்தினார்களே, அந்த மாதிரி. சில இடங்களில் சூடு நன்றாகக் குறைந்தது, சில இடங்களில் குறையவில்லை என்றே பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இனி கிளாஸ்கோவுக்கு வருவோம். அங்கே துப்பாக்கி அபூர்வம், கத்திதான் ஆயுதம். 1920களிலும் 30களிலும் சவரக்கத்திக் கோஷ்டிகள் அந்நகரில் பேர்போனவை. வாயோரத்திலிருந்து காதுவரை கன்னத்தைக் கிழித்துவிடுவதற்கு "கிளாஸ்கோ சிரிப்பு" என்றே பெயர் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1931ல் பெர்சி சில்லிடோ என்ற கமிஷனர் வந்து கடுமையாக ஒடுக்கிப் பார்த்தார். உலகப் போருக்குப் பின் நகரின் நெரிசலான குடியிருப்புகளை இடித்து, ஈஸ்டர்ஹவுஸ் போன்ற புறநகர்களில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். வீடு இருந்தது, ஆனால் கடைகண்ணி இல்லை, பிள்ளைகள் பொழுதுபோக்க இடமில்லை. (இதைப் படிக்கும் மும்பைக்காரர்களுக்கு நம் ஊர் மறுகுடியமர்வுக் கட்டடங்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) கோஷ்டிகள் அங்கேயும் முளைத்தன. 1968ல் ஃபிராங்கி வான் என்ற பிரபல பாடகர் ஈஸ்டர்ஹவுஸுக்கு நேரில் வந்து பையன்களிடம் பேச, அவர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது. பாடகர் ஊருக்குப் போனார், கத்திகள் திரும்பி வந்தன.

2004–05 நிதியாண்டில் ஸ்காட்லாந்தில் 137 கொலைகள் பதிவாயின. மும்பையின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத நாடு அது. கிளாஸ்கோவுக்கு "ஐரோப்பாவின் கொலைத் தலைநகர்" என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. செத்தவனும் கொன்றவனும் பெரும்பாலும் இளம் ஆண்கள். இத்தனைக்கும் பணமோ போதைப்பொருள் வியாபாரமோ பல சண்டைகளுக்குக் காரணமில்லை. இந்தத் தெருக்காரன் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தான், அவ்வளவுதான். வெள்ளி, சனி இரவுகளில் மலிவான ஒயினைக் குடித்துவிட்டு எல்லையில் கூடுவார்கள். அவர்கள் விரும்பிக் குடித்த "பக்ஃபாஸ்ட்" என்ற மதுவின் மூலம் இங்கிலாந்தில் உள்ள ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடம் என்பது ஒரு வேடிக்கை.

இந்த நிலையில் 2005 ஜனவரியில் அப்பகுதிப் போலீஸ் துறைக்குள்ளேயே "வன்முறைக் குறைப்புப் பிரிவு" என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி நடத்தியவர்கள் இருவர். ஜான் கார்னகன் கொலை வழக்குகளைத் துலக்கியே தலை நரைத்த அதிகாரி. கரின் மெக்ளஸ்கி செவிலியராகப் பயிற்சி பெற்று, உளவியல் படித்து, போலீஸில் புள்ளிவிவர ஆய்வு செய்துவந்தவர். பிடிப்பதும் அடைப்பதும் குறைவின்றி நடக்கிறது, ஆனாலும் எண்ணிக்கை ஏன் இறங்கவில்லை என்பதே இவர்கள் கேட்ட கேள்வி. கேட்டது சமூக சேவகரோ பாதிரியாரோ அல்ல, போலீஸே. அதனால்தான் "குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசுகிறார்கள்" என்று யாரும் எளிதில் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டே அரசு இதை நாடு முழுவதற்குமான பிரிவாக ஆக்கிவிட்டது.

எண்ணுவதிலிருந்து தொடங்கினார்கள். போலீஸ் கணக்கு முழுக் கணக்கல்ல என்பது கேஷுவால்டியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். "படியில் விழுந்துட்டேன் டாக்டர்" என்று சொல்லும் கத்திக்காயங்களை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். பயம், பழி தீர்க்கும் எண்ணம், போலீஸ் வேண்டாம் என்ற நினைப்பு, இப்படிக் காரணங்கள். இந்த இடத்தில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரை ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும். அங்கே ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர், ஆஸ்பத்திரிக்கு வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸுக்கே தெரியாது என்று கண்டுபிடித்தார். பதிவு மேஜையில் இருப்பவர்களைக் கொண்டு எங்கே, எப்போது, எதனால் அடித்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதச் செய்தார். பெயரை நீக்கிவிட்டு அந்த விவரம் போலீஸுக்கும் நகராட்சிக்கும் போயிற்று. எந்த மதுக்கடை வாசலில், எந்த மணிக்குக் காயம் கூடுகிறது என்று தெரிந்ததும் ரோந்து அங்கே போனது. உடைந்தால் கத்தியாக மாறும் கண்ணாடி டம்ளருக்குப் பதிலாக எளிதில் உடையாத டம்ளர் வந்தது. இதையொத்த பிற நகரங்களோடு ஒப்பிட்டபோது, கார்டிஃபில் வன்முறைக் காயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் 42 சதவீதம் குறைவு என்று 2011ல் வெளியான ஆய்வு காட்டிற்று. நாலு கேள்வி, ஒரு பேனா, ஒரு பதிவேடு, செலவு இவ்வளவுதான்.

எண்ணுவதால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொலம்பியாவின் காலி நகரமும் சான்று. 1992ல் மேயரான ரோட்ரிகோ குரேரோ தொற்றுநோயியல் படித்தவர். போதைக் கடத்தல்காரர்களால்தான் இத்தனை கொலை என்று ஊரே நம்பியிருந்தபோது, அவர் தேதிவாரியாக எண்ணிப் பார்த்தார். கொலைகள் வார இறுதியிலும் சம்பளம் வாங்கும் நாட்களை ஒட்டியும் குவிந்தன. அந்த நாட்களில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை போட்டார். தடை இருந்த நாட்களில் கொலை 14 சதவீதம் குறைவாக இருந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள்.

கிளாஸ்கோவில் எண்ணிப் பார்த்தபோது நகரின் கிழக்குப் பகுதி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. 2008ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாஸ்டன் நகரில் 1996ல் நடந்த முயற்சியும் பிறகு சின்சினாட்டியில் நடந்ததும் அதற்கு முன்மாதிரி. கோஷ்டிப் பையன்களுக்கு அழைப்பு அனுப்பி நகர நீதிமன்றத்துக்கு வரவழைத்தார்கள். கைது இல்லை, வழக்கு இல்லை. வந்து உட்கார்ந்து கேட்டால் போதும். கூடத்தில் ஒருபுறம் இந்தப் பேட்டைப் பையன்கள், மறுபுறம் எதிர்ப்பேட்டைப் பையன்கள், சுற்றிலும் போலீஸ், மேலே நீதிபதி. முதலில் போலீஸ் அதிகாரி எழுந்து, நீங்கள் யார், எங்கே கூடுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் கத்தி எடுத்தாலும் கோஷ்டி முழுவதையும் தேடி வருவோம் என்றார். அடுத்து ஒரு மருத்துவர் தாம் நாள்தோறும் பார்க்கும் காயங்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அடுத்து ஒரு தாய். வெட்டுப்பட்டுச் சிதைந்த தன் மகனைப் பற்றி அவர் பேசினார். போலீஸைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த பையன்கள் தாய் பேசும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள் என்றும், கோஷ்டிக்காரனுக்கும் வீட்டில் அம்மா உண்டு என்பதே அதன் மர்மம் என்றும் நடத்தியவர்கள் பிறகு சொல்லியிருக்கிறார்கள். பொல்லாத ரவுடியும் அம்மா முன்னால் அடங்கிப்போவதை நம் தெருக்களிலும் பார்த்திருக்கிறோமே.

கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். விட்டுவிட நினைத்தால் கூப்பிடு, படிப்போ வேலைப் பயிற்சியோ குடியிலிருந்து மீளச் சிகிச்சையோ ஏற்பாடு செய்கிறோம், ஒரே நிபந்தனை, கத்தியும் சண்டையும் கூடாது. மிரட்டலும் உதவியும் ஒரே கூடத்தில், ஒரே நாளில். என் பார்வையில் திட்டத்தின் உயிர் இந்த எண்ணில்தான் இருந்தது. பையனுக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. மறுநாள் காலை அவன் போன் பண்ணினால் எடுப்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

திட்டம் 2011 வரை நடந்தது. அதில் சேர்ந்த இளைஞர்களையும் சேராத வேறொரு பகுதி இளைஞர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014ல் வந்தது. ஆயுதம் எடுத்துச் சென்றதற்கான குற்றப்பதிவு, சேர்ந்தவர்களிடம் 84 சதவீதம் குறைந்தது, மற்றவர்களிடம் 40 சதவீதம்தான். ஆனால் நேரடி அடிதடிக் குற்றத்தில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மருத்துவன் என்ற முறையில் என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. கிறிஸ்டின் குடால் என்ற வாய்-முக அறுவை நிபுணர், கிழிந்த கன்னங்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போய், 2008ல் சக மருத்துவர்களுடன் "வன்முறைக்கு எதிரான மருத்துவர்கள்" என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார்கள். 2015 இறுதியில் கிளாஸ்கோவின் ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரி கேஷுவால்டியில் "நேவிகேட்டர்" என்ற பெயரில் ஆட்களை அமர்த்தினார்கள். வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இவர் டாக்டரும் இல்லை, போலீஸும் இல்லை. இவர்களில் தாங்களே அடிதடி வாழ்க்கையைப் பார்த்து மீண்டவர்களும் உண்டு. குத்துப்பட்டவன் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவார். பேச்சு கொடுப்பார். வெளியே போனால் என்ன நடக்கும், யாருக்குப் பயப்படுகிறாய், இன்றைக்கு எங்கே தூங்குவாய் என்று கேட்பார். வலியும் பயமும் சேர்ந்த அந்த ஒரு மணி நேரம்தான் மனிதன் மனம் திறக்கிற நேரம், மறுநாள் தோழர்கள் சூழ்ந்துகொண்டால் கதவு சாத்திவிடும் என்பது அவர்கள் அனுபவம். வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். "நான் சேராட்டாலும் அவங்க வருவாங்க சார்" என்று சொன்னவனுக்கு வேண்டியிருந்தது அப்படி ஓர் ஆள்.

பள்ளிக்கூடங்களிலும் மாற்றம் வந்தது. தொல்லை தரும் மாணவனை வெளியே அனுப்பினால் அவன் நேராகத் தெருமுனைக்குத்தான் போகிறான் என்று உணர்ந்து, அனுப்புவதைக் குறைத்தார்கள். 2006–07ல் ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் சுமார் 44 ஆயிரமாக இருந்த வெளியேற்றங்கள், 2016–17ல் சுமார் 18 ஆயிரம் ஆயின. கார்னகன் இன்னும் ஒரு படி மேலே போனார். கூடுதல் போலீஸ் வேண்டுமா, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போகும் செவிலியர் வேண்டுமா என்று கேட்டால் செவிலியரையே கேட்பேன் என்றார். அடி, உதை பார்த்து வளரும் மூன்று வயதுக் குழந்தையிடமே தடுப்பு வேலை தொடங்கவேண்டும் என்பது ஒரு கொலைத் துப்பறிவாளர் கண்ட முடிவு.

பலன்? ஸ்காட்லாந்தில் 137 ஆக இருந்த கொலை எண்ணிக்கை 2022–23ல் 52 ஆக இறங்கியது. லண்டன் மேயர் 2018ல் இதேபோன்ற பிரிவை அறிவித்தார். 2019ல் இங்கிலாந்து, வேல்ஸின் 18 பகுதிகளில் இப்படிப் பிரிவுகள் அமைக்க அரசு பணம் ஒதுக்கியது.

எல்லாம் இந்தப் பிரிவின் சாதனைதான் என்று நான் சொல்லமாட்டேன். அதே ஆண்டுகளில் கத்தி வைத்திருப்பதற்கான உச்ச தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து நான்காகவும், பிறகு ஐந்தாகவும் கூட்டப்பட்டது. தெருவில் நிறுத்திச் சோதனை போடுவதும் ஏகத்துக்கு நடந்தது. பையன்கள் தெருவை விட்டுக் கணினிக்கும் கைபேசிக்கும் போய்விட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், 2020ல் ஸ்காட்லாந்தில் போதைப்பொருளால் இறந்தவர்கள் 1,339 பேர். ஒரு நோய் இறங்கியது, இன்னொன்று ஏறியது. "தொற்றுநோய்" என்ற உவமையிலும் ஓர் ஆபத்து உண்டு. கொஞ்சம் அசந்தால், பையனை நோயாளியாகப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிருமியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். ஒரு பேட்டை முழுவதையும் அசுத்தம் என்று ஒதுக்கிவைக்க நம் சமுதாயத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி இன்றும் ஏழைப் பகுதிதான். வறுமை போகவில்லை, வன்முறை குறைந்தது. "வேலையில்லாத் திண்டாட்டம் தீரட்டும், குடிசை மாறட்டும், அப்புறம் இதெல்லாம் தானா சரியாகும்" என்று நாற்பது வருஷமாக மேடையில் கேட்டு வருகிறேன். தண்ணீர்க் குழாய் முழுவதையும் மாற்றிய பிறகுதான் காலராவைக் கவனிப்போம் என்று எந்தச் சுகாதார அதிகாரியாவது சொல்வாரா?

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உறவுமுறை உண்டு. பீவண்டியில் 1988ல் சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி மொஹல்லா கமிட்டிகளை அமைத்து, இரு சமூகத்தாரையும் போலீஸாரையும் அடிக்கடி சேர்ந்து உட்காரவைத்தார். 1992–93ல் மும்பை எரிந்தபோது, அதற்குமுன் கலவரத்துக்குப் பேர்போன பீவண்டி அமைதியாக இருந்தது. அது மதக்கலவரம், இது தெருச்சண்டை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தீப்பிடிக்கும் முன்பே ஒருவரையொருவர் பேர்சொல்லிக் கூப்பிடப் பழகியிருந்தார்கள் என்பது பொது.

சங்கக் கூட்டம் ஒன்றில் இதையெல்லாம் சொன்னபோது வங்கியில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "நம்ம வீட்டுப் பசங்க அப்படிப்பட்டவங்க இல்லையே டாக்டர்?" என்றார். அன்று என் மேஜையில் கிடந்தவனின் தகப்பனாரும் அப்படித்தான் நினைத்திருப்பார். "வீட்டுல சொல்லிடாதீங்க சார்" என்று அவன் இரண்டு முறை கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கோஷ்டி தீர்க்கும் வேலையை நம் சங்கம் ஏற்க முடியாதுதான். ஆனால் இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்கள், சிஸ்டர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடிதடி வழக்கென்றால் நாம் நிரப்பும் பதிவேட்டில் காயத்தின் நீளம், ஆழம், எந்த விதமான ஆயுதம் என்பதற்கெல்லாம் இடம் இருக்கிறது. எந்தத் தெருமுனையில், எத்தனை மணிக்கு, இதற்கு முன் அடிபட்டு வந்தானா என்று ஒரு நோட்டில் பேரில்லாமல் குறித்துவையுங்கள், உங்கள் மேலதிகாரியின் அனுமதியோடு. மூன்று மாதம் போதும். அதை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு யார் போவது என்று யோசிக்க வேண்டியதில்லை, நான் வருகிறேன். இன்னொரு கேள்வியும் உண்டு. அதை நோட்டில் எழுத வேண்டாம், தையல் போடும்போது கேட்டால் போதும்: "இப்ப இங்கேருந்து எங்கப்பா போகப்போறே?"